மேட்டுப்பாளையம் கொட்டகையில் ஒரு விமானம்

என் பெயரில் ஒரு விமானம் இருந்தது. சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருந்தது. நான் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தவன். ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. விமானம் என் மைத்துனருடையது, அதாவது என் மனைவியின் அண்ணனுடையது. அவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். அவர் பெயரில் இங்கே பதிவு செய்ய வழியில்லை என்று தெரிந்ததும் என்னிடம் வந்தார். "மாப்ள, ஒரு கையெழுத்து போடு. அவ்ளோதான் உன் வேல" என்றார். அது 2001 மார்ச் மாதம். வேலை முடிந்தது 2008 பிப்ரவரியில்.

மைத்துனர் பதினெட்டு வயதில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் கடலோர ஊரில் இப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். படையில் வண்டி பழுது பார்க்கும் பிரிவில் இருந்தார். ஓய்வு நாட்களில் அங்குள்ள ஒரு பறத்தல் சங்கத்துக்குப் போய்ச் சிறு விமானம் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கினார். ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு கட்டினார். அவர் மனைவி ஆண்டில் பாதி நாள் பிரான்சில் மகள் வீட்டில் இருப்பார். தனியாக இருக்கும் மாதங்களில்தான் இந்த யோசனை அவருக்கு வந்திருக்க வேண்டும்.

"ஊரான் கட்டுன பிளேனயே ஓட்டியிருக்கேன் மாப்ள. நான் கட்டுனத நான் ஓட்டணும். ஒரு வாட்டி போதும்."

அவருக்கு அப்போதே சர்க்கரை இருந்தது. கேட்டது ஒரே ஒரு முறைதான் என்பதால் எனக்கு அது பெரிய ஆசையாகத் தோன்றவில்லை.

பிரான்சிலிருந்து இரண்டு மரப்பெட்டிகள் கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. சுங்கத்தில் இருந்த அதிகாரி பெட்டிக்குள் பார்த்துவிட்டு, இதில் எது விமானம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அலுமினியக் குழாய்கள், தகடுகள், சுருட்டிய துணி, பொட்டலம் பொட்டலமாக ரிவெட் ஆணிகள், கடைசியில் ஓர் எஞ்சின். இரண்டு பேர் உட்காரக்கூடிய, மேல் இறக்கை வைத்த ஒரு சிறு விமானம் அந்தக் குவியலுக்குள் இருப்பதாகப் படம் போட்ட கையேடு சொன்னது. கையேடு முழுவதும் பிரெஞ்சில் இருந்தது. எனக்குப் பள்ளியில் படித்த பிரெஞ்சு. அவருக்குப் படையில் கற்ற பிரெஞ்சு. என்னுடையது இலக்கணத்துக்கும் அவருடையது திட்டுவதற்கும் பயன்பட்டன.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். ஒரு பக்கம் பிளாஸ்டிக் குடம் வார்க்கும் பட்டறை, மறுபக்கம் லேத் பட்டறை. ஞாயிறு காலை ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவேன். வெயில் ஏறுவதற்குள் கொஞ்சம் வேலை நடக்கும். பிறகு தகரம் காயத் தொடங்கும். துளை போடுவது, பிசிறு சீவுவது, ரிவெட் அடிப்பது, தப்பாக அடித்த ரிவெட்டைத் துளைத்து எடுப்பது, மறுபடி அடிப்பது. நான் விமானிகள் எழுதிய புத்தகங்களை நூலகத்தில் தேடித் தேடிப் படித்த காலம் அது. மேகம், பாலைவனம், நட்சத்திரம் எல்லாம் எழுதியிருந்தார்கள். ரிவெட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. மதியம் வீடு திரும்பும்போது காதுக்குள் அந்தச் சத்தம் இருக்கும். மனைவி ஏதாவது கேட்டால் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கும்.

அவள் கொட்டகைக்கு வந்ததேயில்லை. "ரெண்டு கெழவனுங்க தகர டப்பா தட்டறத நான் வந்து வேற பாக்கணுமா? அது வெளிய கெளம்புற அன்னிக்குக் கூப்புடுங்க" என்றாள். நாங்கள் கிழவர்கள் இல்லை அப்போது. முடிக்கும்போது ஆகியிருந்தோம்.

2004-ல் துணி போர்த்தும் கட்டத்துக்கு வந்தோம். இறக்கையின் எலும்புக் கூட்டின் மேல் பாலியெஸ்டர் துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் அது சுருங்கி மத்தளத் தோல் மாதிரி இறுகும். எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி போனது அப்படித்தான். ஒரு தீபாவளிக்குக் கசங்கிய சட்டையோடு நான் நின்றபோது மனைவி அண்ணன் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டாள். "அண்ணே, பிளேனுக்குப் பெட்டி போடற, என் புருசனுக்கு யாரு பெட்டி போடறது?" அவர் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதையும் அடுத்த மாதமே நான் கொட்டகைக்கு எடுத்துப் போனேன்.

இறுகிய துணியின் மேல் ஒருவித வார்னிஷ் பூச வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் அது காயும்போது வெளுத்துப் பூத்துவிடும். கடலோர ஊரில் ஈரம் இல்லாத காற்றை எங்கே தேடுவது? முதல் இறக்கையை ஜூலையில் பூசினோம். மறுநாள் போய்ப் பார்த்தால் சோற்றுக் கஞ்சி காய்ந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. மைத்துனர் அதன் முன் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "மெர்த்" என்று ஒரு முறை மட்டும் சொன்னார். பிரெஞ்சில் அது கெட்ட வார்த்தை. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தோம். பிறகு மாசி, பங்குனி மாதங்களில் மட்டும்தான் பூச்சு வேலை என்று வைத்துக்கொண்டோம். இப்படியாக ஒரு விமானத்துக்கு வார்னிஷ் அடிக்க இரண்டு ஆண்டுகள்.

காகித வேலை அதைவிட நீளம். டெல்லிக்கு அனுப்பியது சென்னைக்குத் திரும்பும், சென்னையிலிருந்து வேறொரு கேள்வியோடு என் வீட்டுக்கு வரும். பாதுகாப்புச் சான்றுக்காக ஒருவர் நேரில் வந்தார். எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து காபி குடித்தபடி, விமானத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று உரிமையாளரான என்னைக் கேட்டார். இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

2006 வாக்கில் அது பறக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்குப் போய்விட்டது. முடிந்தால் போதும் என்று இருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கு வேறொரு கவலை தொடங்கியிருந்தது. ஓட்டுவதற்கு ஆண்டுதோறும் உடற்தகுதிச் சான்று வேண்டும். அதைத் தர அதிகாரம் பெற்ற டாக்டர் சென்னையில் இருந்தார். 2007 ஜனவரியில் நான்தான் உடன் போனேன். டாக்டர் கண்ணைச் சோதித்துவிட்டு, வெகுநேரம் எழுதாமல் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை கண்ணின் உள்திரையைத் தொட்டுவிட்டது, இந்த ஆண்டுக்குத் தருகிறேன், அடுத்த முறை தர முடியும் என்று நினைக்காதீர்கள் என்றார். சான்று டிசம்பர் கடைசி வரை.

திரும்பும் பேருந்தில் அவர் கேட்டார்: "டிசம்பருக்குள்ள முடியுமா மாப்ள?"

"முடிச்சிடலாம் மச்சான்."

டெல்லியின் அனுமதி செப்டம்பரில் வந்தது. மூன்று மாதம் கையில் இருந்தது. அக்டோபரில் ஆயுத பூஜை. தொழிற்பேட்டையில் அன்று எந்த இயந்திரமும் ஓடாது. எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். குடப் பட்டறைக்காரர் எங்கள் கொட்டகைக்கும் சேர்த்தே பூசணி வாங்கியிருந்தார். மனைவி முதல் முறையாக அன்று வந்தாள். பட்டுப்புடவை, பித்தளைக் கிண்ணத்தில் அரைத்த சந்தனம். உள்ளே வந்தவள் நின்றுவிட்டாள். வெள்ளையும் நீலமுமாக, கொட்டகையை அடைத்துக்கொண்டு அது நின்றிருந்தது.

"நெசமாவே பிளேனு மாதிரியே இருக்குதே" என்றாள்.

"பின்ன இன்னா மாட்டுவண்டி மாதிரியா இருக்கும்?" என்றார் அண்ணன்.

"நீ கட்டுனதாச்சே. எனக்கு என்ன தெரியும்?"

விசிறிக்கு, சக்கரங்களுக்கு, கதவுக்கு, இறக்கை முனைகளுக்கு என்று அவள் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். ஒன்றையும் விடக்கூடாது என்று நினைத்தாள். இவ்வளவு ஆண்டு வராததற்கெல்லாம் சேர்த்து வைத்தாள் என்று இப்போது தோன்றுகிறது. மூன்று சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஒரு முழம் முன்னே தள்ளினோம். பழங்கள் நசுங்கின. மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூசணியோடு காட்டிய கற்பூரப் புகை என்றார்.

அந்த வாரத்திலேயே பொட்டுகளைத் துணியால் துடைத்தோம். இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி லாஸ்பேட்டை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனோம். லாரிக்காரர் கயிறு கட்டும்போது கேட்டார்: "சார், இது பறக்கும்னா நாம எதுக்கு சார் தூக்கிட்டுப் போறோம்?" மைத்துனர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

ஓடுபாதையில் காலை வேளையில் எங்களுக்கு நேரம் தந்திருந்தார்கள். பறப்பதற்கு முன் தரையிலேயே வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அவர் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் பிடித்தது. பாதையின் மறுமுனை வரை விரைந்து போய்த் திரும்பி வந்து நிறுத்தினார். இறங்கவில்லை. நான் ஓடினேன்.

"வேக முள்ளு அசையவே இல்ல மாப்ள. பூஜ்யத்துலயே நிக்குது."

வேகம் தெரியாமல் எந்த விமானத்தையும் மேலே எடுக்க முடியாது. எப்போது எழ வேண்டும், எப்போது விழும் என்பதை அந்த முள்தான் சொல்லும். இறக்கைக்கு அடியில் விரல் பருமனில் ஒரு சிறு குழாய் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதன் வாய்க்குள் புகுந்து உள்ளே அழுத்தும், அந்த அழுத்தம் முள்ளை நகர்த்தும். பிட்டாட் குழாய் என்று பெயர். இந்தக் குழாயை நாங்கள் ஆகஸ்டிலேயே சோதித்திருந்தோம். தேதி போட்டு, சரி என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். அதனால் குழாயை நாங்கள் சந்தேகிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே பெருமை, ஒரு முறை சரி பார்த்ததை மறுமுறை பார்க்க வேண்டியதில்லை என்பதுதான். கருவிதான் கெட்டிருக்கும் என்று முடிவு செய்தோம். பெட்டியில் ஆறு ஆண்டு உப்புக் காற்றில் கிடந்தது. உயரம் காட்டும் கருவி ஏற்கெனவே அப்படித் துருப்பிடித்து மாற்றியிருந்தோம்.

புதிய கருவிக்குப் பிரான்சுக்கு எழுதினார். மழை தொடங்கியது. நவம்பர் முழுக்கப் பெய்தது. விமானம் நிலையத்தின் ஓர் ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. தினமும் காலையில் மைத்துனர் பேருந்தில் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவார். தபால்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்பார். கருவி வந்தது டிசம்பர் நடுவில். மாட்டினோம். ஓட்டினார். முள் பூஜ்யத்திலேயே நின்றது.

அதற்குப் பிறகுதான் குழாயின் பின்பக்க ரப்பரைக் கழற்றி வாயால் ஊதினார். காற்று போகவில்லை. மெல்லிய கம்பி ஒன்றை முன்வாயில் விட்டுச் சுரண்டினார். உள்ளங்கையில் மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கையை என்னிடம் நீட்டினார். இரண்டு மாதம் ஆகியும் வாசனை போகவில்லை. சந்தனம். குழாயின் முனையிலும் அவள் பொட்டு வைத்திருக்கிறாள். மற்ற பொட்டுகளோடு சேர்த்து நாங்கள் அதைத் துடைத்தபோது அது உள்ளே போயிருக்கிறது. காய்ந்து கல்லாகியிருந்தது.

அவர் கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிசம்பர் முடியச் சில நாட்களே இருந்தன. மழை விட்டபாடில்லை. பண்டிகையும் விடுமுறையுமாக ஓடுபாதைக்கு நேரம் ஜனவரியில்தான் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அவரே தங்கையிடம் சொன்னார். கேலியாகத்தான் சொன்னார். "ஏம்மா, உன் கைராசி. பிளேனு மூக்க அடச்சிட்ட."

"எத? நான் இன்னா பண்ணேன்?"

விவரம் தெரிந்ததும் அவளும் முதலில் சிரித்தாள். "நீட்டிக்கினு இருந்துதுண்ணே, மூக்கு மாதிரி. அத மட்டும் வுடறதான்னு வெச்சேன். சொல்லியிருக்கலாம் இல்ல, அங்க வைக்காதன்னு?"

"நாங்க பாக்கலியே."

"ரெண்டு பேரு நிக்கிறீங்க, ஆறு வருசமா கட்டுறீங்க, பாக்கலியாம்."

அந்தச் சிரிப்பு ஜனவரி வரைதான் நீடித்தது. பொங்கலுக்குப் பிறகு சென்னைக்குப் போனோம். டாக்டர் இந்த முறை பேனாவையே எடுக்கவில்லை. இடது கண்ணில் பார்வை பாதிக்கு மேல் போயிருந்தது. சான்று இல்லை. மைத்துனர் டாக்டருக்கு நன்றி சொன்னார், கைகூட குலுக்கினார். திரும்பும் பேருந்தில் மரக்காணம் தாண்டும் வரை ஒரு கண்ணை மூடி மூடிக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார். தாண்டியதும், "டிசம்பர்லயே ஓட்டியிருந்தாலும் இந்தக் கண்ணோடதான் ஓட்டியிருப்பேன். யாருக்குத் தெரியும், எங்கனா போயி மோதியிருப்பேன்" என்றார். அதை எனக்காகச் சொல்லவில்லை, வீட்டில் தங்கையிடம் எப்படிச் சொல்லலாம் என்று சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவளிடம் அப்படியே சொன்னார். அவள் கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று முதல் வீட்டில் யாரும் சந்தனத்தைப் பற்றிப் பேசவில்லை.

வேறு யாராவது ஓட்ட வேண்டும். பெங்களூர்ப் பக்கத்துப் பறத்தல் சங்கம் ஒன்றில் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்மணி வர ஒப்புக்கொண்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். பிப்ரவரியில் வந்து, ஒரு நாள் முழுக்க விமானத்தை நட்டு நட்டாகத் தொட்டுப் பார்த்தார். பிட்டாட் குழாயை ஊதிப் பார்த்தார். நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சுத்தமா வேல செஞ்சிருக்கீங்க சார்" என்றார் மைத்துனரிடம். "எத்தன பேரு?"

"நானும் மாப்ளயும்."

மறுநாள் காலை தனியாக எடுத்துப் போனார். அது தரையை விட்டபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை என்பதை எழுதியாக வேண்டும். கால் வலித்தது. உட்கார இடம் தேடினேன். மைத்துனர் வானத்தைப் பார்த்தபடி, "எந்தப் பக்கம் இருக்குது மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கையைக் காட்டிக்கொண்டே இருந்தேன். மனைவி சற்றுத் தள்ளி, நாங்கள் வந்த வாடகைக் காரின் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

இறங்கி வந்தவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு எஞ்சினை நிறுத்தாமலே, பக்கத்து இருக்கையைத் தட்டி, "வாங்க சார்" என்று மைத்துனரைக் கூப்பிட்டார். அவர் ஏறினார். பெல்ட்டை மாட்டத் தெரியாதவர் போலத் தடுமாறினார்; நான்தான் மாட்டிவிட்டேன். அந்த பெல்ட்டைப் பொருத்தியதே அவர்தான்.

கடல் பக்கம் போய் வெகுநேரம் கழித்து வந்தார்கள். மைத்துனர் இறங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராக வால்பக்கம் போனார்.

"வலப்பக்கம் இழுக்குது. லேசாதான். கைல தெரியுது" என்றார்.

அந்தப் பெண்மணி தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றியபடி என்னைப் பார்த்தார். கையில் தெரிய வேண்டுமானால் கட்டுப்பாட்டுத் தண்டு அவர் கையில் இருந்திருக்க வேண்டும். வால் துடுப்பின் ஓரத்தில் இதற்கென்றே ஒரு சின்ன அலுமினியத் தகடு உண்டு. மைத்துனர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க முயன்று, விட்டுவிட்டு, விரலால் தடவிக் கொஞ்சம் வளைத்தார். "ஒரு சுத்து போயிட்டு வாங்க மேடம்" என்றார். அவர் போய்விட்டு வந்தார்.

"இப்ப நேரா போவுது சார்."

"அப்ப வேல முடிஞ்சிது" என்றார் மைத்துனர்.

காரில் திரும்பும்போது நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்தேன். பின்னால் அண்ணனும் தங்கையும். லாஸ்பேட்டை தாண்டியதும் அவள் கேட்டாள்: "நீ ஓட்டுனியாண்ணே?"

"ஓட்டல. கடல் மேல கொஞ்ச நேரம் புடிச்சிக்கினு இருந்தேன். ஏத்துனது, எறக்குனது எல்லாம் அந்தப் பொண்ணுதான்."

"அது போதுமா உனக்கு?"

ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவளுக்காகவாவது சொல்வார் என்று.

"போதல" என்றார்.

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. இந்திரா காந்தி சிலை சந்திப்பில் சிக்னலில் வெகுநேரம் நின்றோம். மூவரும் காலையில் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவள் உப்புமா கிளறினாள். அவர் தட்டைக் கையில் வைத்தபடியே நாற்காலியில் தூங்கிப்போனார்.